ஒளிபரப்பாகாத நிகழ்ச்சிகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில், 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது முதல் இன்றுவரை கடந்து வந்த பாதையைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'ஒளியும் ஒலியும்' வரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் தெரு வெறிச்சோடிக் கிடந்ததையும், 'வயலும் வாழ்வும்' பார்த்த மறுநாள் உரக்கடையில் போய் நின்று மருந்தின் பெயரைத் தப்பும் தவறுமாகக் கேட்டவர்களையும், நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி'யில் பதில் வந்ததையும் கட்டுரையாளர் சுவைபட நினைவுகூர்ந்திருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையும், அதைப் போல அவ்வப்போது வெளிவரும் பிற கட்டுரைகளும், நாம் பார்த்த நிகழ்ச்சிகளை மட்டுமே தொலைக்காட்சியின் வரலாறாக எடுத்துக்கொள்கின்றன. எழுதி, ஒத்திகை பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் வியர்க்க வியர்க்கப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி முடித்த பிறகும் ஒளிபரப்பாகாமலே போன நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் அவை இருந்தன என்பது தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நம் நாட்டில் வழியே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் சொந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997-ஆம் ஆண்டு, தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியராக இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பள்ளிவிட்டு வரும் பெண் பிள்ளைகள் பையை வைத்த கையோடு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அதையே பொருளாக வைத்து, ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு வில்லுப்பாட்டு எழுதிக் கொடுத்தேன். மாவட்டப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டு ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று எங்களை அன்போடு நடத்தியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள், என் வருத்தம் தனிமனிதர் எவர் மீதும் இல்லை.

பதிவு நாளில் நடந்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. அரங்கில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் குளிர்ச்சியில் உடுக்கையின் தோல் தளர்ந்து, அடித்தால் 'தொப்' என்று விழுந்தது. ஊரில் என்றால் இரண்டு சுள்ளியைக் கொளுத்தி அனல் காட்டுவோம். அங்கே தீப்பெட்டியை எடுத்தவுடனேயே காவலாளி ஓடி வந்துவிட்டார். உடுக்கை வாசிக்க வந்த பையன் யாரையும் கேட்கவில்லை. மேலிருந்து இறங்கியிருந்த பெரிய விளக்கின் முன்னால் போய் நின்று, உடுக்கையைத் தூக்கிப் பிடித்து, தோசை திருப்புவது போல் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினான். ஐந்து நிமிடத்தில் நாதம் வந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே அதையும் படம் எடுத்தார். பாட்டு இருபத்திரண்டு நிமிடம் நடந்தது. வில்லடித்துப் பாடிய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. 'என் விரல் இடுக்கில் இருப்பது ஏட்டுப் புள்ளி அல்ல, தூள்' என்ற அடி வந்தபோது, நான் சொல்லிக்கொடுக்காமலே, பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த தன் விரல் நுனியை விரித்துக் காட்டினாள்.

ஒளிபரப்பாகும் தேதி அஞ்சலட்டையில் வந்தது. ஞாயிறு மாலை ஐந்தரை மணி. பஞ்சாயத்து அலுவலகத் தொலைக்காட்சிப் பெட்டியை வெளித்திண்ணையில் தூக்கி வைத்து, மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஒரு மின்னாக்கியையும் வாடகைக்குப் பிடித்து வைத்து, ஊரே உட்கார்ந்திருந்தது. ஐந்தரைக்கு வேறு ஏதோ ஒரு பேட்டி வந்தது. 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்றுகூட யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் பார்த்தோம். அதற்கடுத்த ஞாயிறு பாதிப் பேர் பார்த்தார்கள். மூன்று கடிதங்கள் எழுதினேன், கிணற்றில் போட்ட கல்லாயிற்று. ஒன்றரை ஆண்டு கழித்து வேறு வேலையாகச் சென்னை சென்றபோது நேரில் போனேன். நாடா நூலகத்தில் இருந்த ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டுப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். எங்கள் நிகழ்ச்சியின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அதே எண்ணுக்கு எதிரே ஒரு சமையல் நிகழ்ச்சியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். ஏன் ஒளிபரப்பவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. பீடித் தொழிலைப் பற்றியது என்பதால் யாருக்காவது மனம் புண்படும் என்று நினைத்தார்களா, பாட்டு நன்றாக இல்லை என்று நினைத்தார்களா, இல்லை மறந்துதான் போனார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகாமல் போவதற்குச் சாதாரணக் காரணங்கள் பல உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு தொடரை வாங்குவதற்கு முன் மாதிரிக்கு ஒரு பகுதி எடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நிறுவனத்தாரின் அறையைத் தாண்டுவதில்லை. உலகமே அறிந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முதல் மாதிரிப் பகுதியும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். பின்னர் அதிலிருந்து எடுத்த காட்சிகளை வேறு ஒரு கதைக்குள் வைத்துத் தைத்தார்கள், முழுப் பகுதி 1988-இல்தான் ஒளிபரப்பானது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 'ஷாடா' என்ற கதை 1979-இல் பாதி படமாகிக்கொண்டிருந்தபோது ஊழியர் வேலைநிறுத்தம் வந்து அப்படியே நின்றது. இவையெல்லாம் வியாபாரம், விபத்து. இவற்றில் ஒளிக்க ஒன்றுமில்லை, யாரும் ஒளிக்கவும் இல்லை. அதனால்தான் அவற்றைப் பற்றி நானே இங்கு எழுத முடிகிறது. முடித்துத் தயாராக வைத்த நிகழ்ச்சியை, இது மக்கள் கண்ணில் படக்கூடாது என்று யாரோ சிலர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யும்போதுதான் பதிவேட்டின் தேவை வருகிறது.

அதற்கு உலக அளவில் தெளிவான எடுத்துக்காட்டு, பிபிசிக்காக பீட்டர் வாட்கின்ஸ் 1965-இல் எடுத்த 'தி வார் கேம்'. இங்கிலாந்தின் மீது அணுகுண்டு விழுந்தால் கென்ட் மாவட்டத்துச் சாதாரண மக்களுக்கு என்ன நேரும் என்பதை, செய்திப்படம் போலவே நடித்துக் காட்டும் படம் அது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே வாழ்ந்தவர்கள். தீப்புயலில் மூச்சுத் திணறி விழுகிறவர்கள், காப்பாற்ற முடியாத நோயாளிகளைக் காவலர்களே சுட்டுக் கொல்வது, உணவுக்காக நடக்கும் கலவரம், கடைசியில் பெரியவர்களானால் என்ன ஆவீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றும் ஆக வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகள் என்று போகும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பது கடினம். நானும் பல ஆண்டுகள் கழித்துக் கணினியில்தான் பார்த்தேன்; அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

படம் முடிந்தவுடன் நடந்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. பிபிசியின் அன்றைய தலைவர் நார்மன்புரூக் பிரபு, அதற்கு முன் பிரிட்டிஷ் அமைச்சரவையின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் 1965 செப்டம்பரில் அந்தப் பதவியில் தமக்குப் பின் வந்தவருக்கு இந்தப் படத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில் உள்துறை, பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்குப் படம் தனியே போட்டுக் காட்டப்பட்டது. நவம்பர் மாத இறுதியில், ஒளிபரப்பு என்ற ஊடகத்துக்கு இது அளவுக்கு மீறிய கொடூரமாக இருக்கிறது என்று காரணம் கூறி, ஒளிபரப்புவதில்லை என்று பிபிசி அறிவித்தது. முடிவு முழுக்க முழுக்கத் தன்னுடையது, வெளியார் தலையீடு எதுவும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. மாமியார் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் வந்துவிட்டேன் என்று பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணின் பேச்சைப் போல அது இருந்தது. அரசு ஆவணக் காப்பகத்தின் கோப்புகள் பல ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோதுதான் அந்தக் கடிதப் போக்குவரத்து வெளியே வந்தது.

அந்தப் படம் திரையரங்குகளில் காட்டப்பட்டது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. ஆனால் எந்தத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதோ அதில் வருவதற்கு 1985 ஜூலை 31 வரை, இருபது ஆண்டுகள் ஆயின. நடித்த கென்ட் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதற்குள் காலமாகியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தங்கள் முகத்தைத் தங்கள் வீட்டுப் பெட்டியில் பார்க்கலாம் என்று அவர்களும் எங்கள் ஊரைப் போலக் காத்திருந்திருப்பார்கள் அல்லவா?

இதே நிறுவனம் 1976-இல் டென்னிஸ் பாட்டரின் 'பிரிம்ஸ்டோன் அண்ட் ட்ரீக்கிள்' நாடகத்தையும், 1977-இல் சிறார் சீர்திருத்தச் சிறையின் கொடுமைகளைக் காட்டிய 'ஸ்கம்' நாடகத்தையும் எடுத்து முடித்துவிட்டு நிறுத்தியது. முன்னது 1987-இலும் பின்னது 1991-இலும் ஒளிபரப்பாயின. வானம் இடிந்து விழவில்லை. இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் கவனிக்க வேண்டும்: படச்சுருள் அல்லது நாடா பத்திரமாக இருந்தது, நிறுத்தப்பட்டது ஊருக்குத் தெரிந்திருந்தது. தவறு செய்த நிறுவனமே பின்னாளில் அதைத் திருத்திக்கொள்ள முடிந்ததற்கு அந்த இரண்டும்தான் காரணம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதைப் பற்றி, தபன் போஸ் உள்ளிட்டோர் 'பியாண்ட் ஜெனோசைட்' என்ற ஆவணப்படத்தை எடுத்தனர். அதற்குத் தணிக்கைக் குழுவின் 'யு' சான்றிதழ் இருந்தது. சிறந்த ஆவணப்படம் என்று தேசிய விருதில் தங்கத் தாமரையும் கிடைத்தது. விருது வழங்கும்போது, பரிசு பெற்ற குறும்படங்கள் தூர்தர்ஷனில் ஒளிபரப்பப்படும் என்று தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரே அறிவித்திருந்தார். அதை நம்பிப் படத்தைக் கொடுத்தவர்களுக்குத் தூர்தர்ஷன் எழுதிய பதில், படத்தின் உள்ளடக்கம் காலங்கடந்துவிட்டது, இப்போது பொருத்தமில்லை என்பதாக இருந்தது. இழப்பீடு கேட்டு வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், பார்வை போனவர்களும் நுரையீரல் புண்ணானவர்களும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடந்த நேரத்தில், அந்தத் துயரம் காலங்கடந்தது என்று ஓர் அலுவலகக் கடிதம் சொல்லியது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் காரணங்கள் பெருகின. படத்தில் நிதானம் இல்லை, நடுநிலை இல்லை, அரசியல் கட்சிகள் இந்தப் பிரச்சினையைக் கிளப்பிக்கொண்டிருக்கின்றன, இழப்பீட்டு வழக்குகள் நிலுவையில் உள்ளன, ஏற்கெனவே சூடாக இருக்கும் சூழலில் இது கொந்தளிப்பை உண்டாக்கும், மாநில அரசின் செயலை இது குறைகூறுகிறது என்று அடுக்கினார்கள். ஒரு காரணம் போதாதபோதுதான் ஆறு காரணம் வரும் என்பதை வகுப்பறையில் வீட்டுப்பாடம் கேட்டுப் பழகிய எவரும் அறிவர். தில்லி உயர்நீதிமன்றம் ஒளிபரப்பச் சொன்னது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 1992 ஜூலையில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாநில அரசைக் குறைகூறுகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை மறுக்க முடியாது என்றும், பொதுப்பணத்தில் நடக்கும் ஊடகம் ஒருவருக்கு இடமில்லை என்று சொன்னால் அதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட காரணத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு அந்த ஊடகத்துக்கே உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு நிறுவியது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் ஓர் இதழைப் பற்றிய வேறொரு வழக்கோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதால், கழகத்தின் பெயரிலேயே அந்தத் தீர்ப்பு அறியப்படுகிறது. போபாலைத் தேடுகிறவர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை.

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் கதை இன்னும் நீளமானது. தேசிய விருது பெற்ற அவருடைய 'ராம் கே நாம்' படத்தை ஒளிபரப்ப வைக்க மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1997-இல்தான் அது தூர்தர்ஷனில் வந்தது. அடுத்த படமான 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' உச்சநீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, எடுத்துப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, 2006 ஆகஸ்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஒரு படத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்துப் பார்க்கக் கூடாது, முழுமையாக, சராசரி மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு முன்பே, 1988 ஜனவரியில், பிரிவினைக் காலக் கலவரங்களைப் பற்றிய 'தமஸ்' தொடரை நிறுத்தக் கோரி வழக்கு வந்தபோது, மும்பை உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் போட்டுப் பார்த்துவிட்டே தடையை நீக்கினார்கள். உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. நிறுத்தச் சொல்கிறவர்கள் முதலில் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. தமிழகத்துக்கு உரிய ஒரு பங்கும் இந்த வரிசையில் உண்டு: 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்தின் வழக்கில் 1989-இல் வந்த தீர்ப்புதான், ஒரு கருத்தைத் தடுக்க வேண்டுமானால் அதன் ஆபத்து வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறிக்கு ஒப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அது தொலைக்காட்சியைப் பற்றியது அன்று, ஆயினும் தொலைக்காட்சிக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் வந்து சேரும் இடம் வேறு. வழக்குப் போட்டு வென்றவர்கள் அனைவரும் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்தவர்கள். படத்தின் பிரதி அவர்கள் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கும் விழாக்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் போக முடிந்தது. பிபிசி விஷயத்தில் படம் நிறுவனத்தின் சொத்து என்றாலும், 'தி வார் கேம்' படச்சுருளில் எடுக்கப்பட்டது. படச்சுருளை அழித்து மறுபடி அதில் வேறு ஒன்றை எடுக்க முடியாது. நாடா அப்படியன்று. விலை அதிகம், அலமாரியில் இடம் குறைவு, மேலே வேறொன்றைப் பதிவு செய்தால் பழையது தடமில்லாமல் போய்விடும். ஒளிபரப்பான நிகழ்ச்சிகளே அப்படி அழிந்திருக்கின்றன என்றால், ஒளிபரப்பாகாதவை எந்த மூலைக்கு? மறு ஒளிபரப்புக்கு உதவாத நாடாதானே முதலில் கைக்கு வரும். ஆக, நிலையமே அழைத்து, நிலையமே பதிவு செய்து, நிலையமே வைத்துக்கொண்ட நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட நாட்டுப்புறக் கலைஞர்கள், விவசாயிகள், மாணவர்கள், உள்ளூர்ப் புலவர்கள் ஆகியோருக்கு வழக்கு என்று ஒன்று இருந்தாலும் சாட்சிப் பொருள் இல்லை. ஆனந்த் பட்வர்தனின் படம் நிறுத்தப்பட்டால் அது செய்தி. எட்டாம் வகுப்புப் பெண்ணின் பாட்டு நிறுத்தப்பட்டால் அது சமையல் நிகழ்ச்சியின் அடியில் போய்விடும்.

என் நண்பர் ஒருவர் தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 'சார், நீங்க நினைக்கிற மாதிரி எல்லாத்துக்கும் பின்னால சதி இல்ல' என்று தொடங்கி அவர் அடுக்கியவை நியாயமானவை. தலைவர் ஒருவர் மறைந்தால் துக்கம் அனுசரிக்கும் நாட்களில் வீணையும் ஷெனாயும்தான் ஓடும்; அந்த வாரத்துக்கு வைத்திருந்தவை தள்ளிப்போய், தள்ளிப்போனது தள்ளிப்போனதாகவே முடியும். கலந்துரையாடலில் பேசியவர் அடுத்த மாதம் தேர்தலில் வேட்பாளராக நின்றுவிடுவார். நடத்தை விதிமுறைப்படி அவரைக் காட்ட முடியாது. பொங்கலுக்கு எடுத்ததை ஆடியில் காட்ட முடியாது. ஒலி சரியாகப் பதிவாகியிருக்காது. தயாரிப்பாளர் மாற்றலாகிப் போவார், புதிதாக வந்தவருக்கு அலமாரியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இவ்வளவையும் சொன்ன பிறகு அவரே சற்று நேரம் கழித்து, 'ஆனா மேலிருந்து ஒரு ஃபோன் வந்து நின்னதும் உண்டு. அதையும் துக்க தினக் கணக்குலதான் சேர்த்தோம்' என்றார்.

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பதிவேடு கேட்கிறேன். காரணம் எழுதப்படாத இடத்தில், மழையால் நின்றதும் மிரட்டலால் நின்றதும் ஒரே நிறமாகிவிடுகின்றன. நேர்மையாக வேலை செய்த தயாரிப்பாளர் மீதும் சந்தேகம் விழுகிறது, தலையிட்டவருக்கும் ஒளிய இடம் கிடைக்கிறது.

தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கான சட்டம் 1990-இல் நிறைவேற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்தது. பொது முக்கியத்துவம் உள்ள விஷயங்களைப் பற்றிச் சுதந்திரமாகவும் உண்மையாகவும் தகவல் பெறும் குடிமக்களின் உரிமையைப் பாதுகாப்பது அந்த நிறுவனத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே பொதுப்பணத்தில் பதிவு செய்யப்பட்டு ஒளிபரப்பாகாத ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதன் தலைப்பு, பதிவான நாள், கலந்துகொண்டவர்கள், நிறுத்தப்பட்டதற்கான காரணம், முடிவெடுத்தவரின் பதவி, நாடா இப்போது இருக்கிறதா இல்லையா என்ற விவரம் ஆகியவை எழுதப்பட வேண்டும்; அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஒரு முறையாவது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். இது பெரிய வேலை அன்று. பள்ளியில் உடைந்த நாற்காலிக்கே நாங்கள் கழிவுப் பதிவேடு வைத்து, தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கித்தான் தூக்கிப் போடுவோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எந்த நிகழ்ச்சி என்று பெயர் தெரிந்தால்தானே மனு எழுத முடியும்? எந்த அலுவலகமும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டிய விவரங்கள் உண்டு என்று 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே சொல்கிறது. இந்தப் பட்டியலையும் அந்த வகையில் சேர்த்துவிட்டால் போதும்.

ஒளிபரப்ப நேரம் இல்லை என்ற காரணமும் இன்று செல்லாது. தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகள் பல இப்போது யூடியூபில் பதிவேற்றப்பட்டுக் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இணையத் தளத்தையும் பிரசார் பாரதி தொடங்கியிருக்கிறது. நாடா நூலகத்தில் எஞ்சியிருப்பவற்றை எண்ணிம வடிவத்துக்கு மாற்றும்போது, ஒளிபரப்பானதை மட்டும் மாற்றுவோம் என்று வைத்துக்கொள்ளாமல், ஒளிபரப்பாகாததை முதலில் எடுத்தால் நல்லது. ஏனென்றால் அதற்கு வேறு பிரதி எங்கும் இருக்காது, எந்த வீட்டிலும் யாரும் அதைப் பதிவு செய்து வைத்திருக்க முடியாது. தனியார் தொலைக்காட்சிகளைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது கடினம் என்பது தெரியும். அவர்கள் குறைந்தபட்சம், தங்கள் நிகழ்ச்சியில் கலந்துகொண்டவருக்கு, ஒளிபரப்பானாலும் ஆகாவிட்டாலும், ஒரு பிரதி கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அன்று நாடா விலை அதிகம் என்றார்கள். இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிடும்.

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்துக்கு அந்த வில்லுப்பாட்டுப் பெண் வந்திருந்தார். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார், மகள் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, 'சார், அந்த டேப் எங்கயாச்சும் கெடைக்குமா? எம் மக நம்ப மாட்டேங்கா' என்று கேட்டார். சிவப்பு மையைப் பற்றி நான் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, விசாரித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒளிபரப்புத் தேதியைக் குறிப்பிட்டு எங்களுக்கு வந்த அஞ்சலட்டையின் நகலை, நிலையத்தின் பெயரை மறைத்து, இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது என்பதற்கு என்னிடம் இருக்கும் சான்று அது ஒன்றுதான். அச்சிட இடமில்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இன்னொரு நகல் எடுத்து அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.